சந்தேகமே வராத பாடம்

எங்கள் பொறியியல் கல்லூரியில் அவருக்குக் ‘கத்திரி மேடம்’ என்று பட்டப்பெயர். ஆய்வறிக்கை எழுதுவது, கருவிகளுக்குச் செய்முறைக் குறிப்பு எழுதுவது, நாலு பேர் முன்னால் நின்று விளக்குவது எல்லாம் அவருடைய பாடம். வளவளவென்று பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தால் ஒரு பக்கமாக வெட்டித் திருப்பித் தருவார். “மேடம், இதுல என் பேர் மட்டும்தான் மிச்சம்” என்று ஒருவன் அழாத குறையாகச் சொன்னதைப் பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த நானே கேட்டிருக்கிறேன்.

அவர் தேர்வு வைக்கும் விதமே தனி. ஆய்வகத்துப் பம்பை இயக்கும் முறையை மாணவன் எழுத வேண்டும். அந்தத் தாளை, பம்புப் பக்கமே போகாத கேன்டீன்காரரிடம் கொடுப்பார். எழுதியவன் வாயைத் திறக்கக் கூடாது. கேன்டீன்காரர் ஒரு கேள்வி கேட்டாலும் போச்சு, முட்டைதான்.

“நீ பக்கத்துல நின்னு வெளக்குனா அது குறிப்பே இல்லப்பா. நீ இல்லாமலே புரியணும்” என்பார்.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவர் தற்காலிக ஆசிரியர்தான். வீட்டுக்காரருக்குக் கம்பெனி மூடியதிலிருந்து வேலை இல்லை. மகள் படிக்கிறாள். இந்த ஒரு சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

போன விடுமுறையில் அவர் பாடம் முழுவதையும் வீடியோவாகப் பேசித் தரும்படி நிர்வாகம் சொன்னது. வீடியோ கைக்கு வந்துவிட்டால் ஆள் எதற்கு என்று கேட்பார்களே என்று எனக்குத் தோன்றியது.

“மேடம், இது நல்லதுக்கில்ல. அங்கங்க கொஞ்சம் சொதப்பி வைங்க. பசங்க சந்தேகம்னு வந்து நின்னாதான் உங்களத் தேடுவாங்க.”

“நானும் அதத்தான் நெனச்சேன் சார்.”

உண்மையாகவே முயன்றார். வரைபடத்தை விளக்கும் பாடத்தில் நடுவே ஒரு படியை வேண்டுமென்றே விட்டுவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் அதை அழித்துவிட்டு முதலிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உங்களையெல்லாம் திருத்தவே முடியாது என்று கத்தினேன்.

“ஏதோ ஒரு பொண்ணு தனியா உக்காந்து அதப் பாக்கும். சரியா அந்த எடத்துல திருதிருன்னு முழிக்கும். என்னால முடியல சார்.”

கடைசியில் கேன்டீன்காரரை உட்காரவைத்து எல்லாவற்றையும் போட்டுக் காட்டினார். மனிதர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பாவி, ஒன்றாவது கேட்டிருக்கலாம்.

கல்லூரி திறந்ததும், ஒரு மாதம் வீடியோ ஓடட்டும், அப்புறம் ஒப்பந்தத்தைப் பார்ப்போம் என்றார்கள். அந்த மாதம் முடிந்து முதல்வர் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன்.

முதல்வர் நல்ல மனிதர்தான். தண்ணீர் கொடுத்து, தயங்கித்தான் ஆரம்பித்தார்.

“மேடம், சந்தேகம் கேக்க தனியா ஒரு நம்பர் குடுத்தோம். ஒருத்தர்கூட ஒண்ணும் கேக்கல. அவ்வளவு நல்லா சொல்லியிருக்கீங்க. நீங்க வேணும்னு நிர்வாகத்துக்கிட்ட நான் என்னன்னு சொல்றது?”

ஊருக்கெல்லாம் பேசக் கற்றுக்கொடுத்தவர் கும்பிட்டுவிட்டு எழுந்தார். முதல்வர் என் பக்கம் திரும்பினார். “சார், அடுத்து வீடியோ எடுக்கப்போறது உங்க பாடம்தான்.” நானும் தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது.

திரும்பும் வழியில் மேடத்தின் வகுப்பிலிருந்து வீடியோவில் அவர் குரலே கேட்டது. அந்த வரைபடப் பாடம்தான். கதவோரம் நின்று, விட்டுவிட்டுப் பிறகு சேர்த்த அந்த இடம் வரும்வரை காத்திருந்தார். பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கையும் உயரவில்லை.

“எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு சார்” என்றார். அழுதுகொண்டிருந்தார்.