பம்ப்காரர் கட்டிய சீல்

என் மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கு மேலே, பெட்ரோல் டேங்கின் அடியில், முறுக்கிய இரட்டைக் கம்பி ஒன்று இருக்கிறது. அதன் நுனியில் புளியங்கொட்டை அளவுக்கு ஓர் ஈயக்குண்டு. குண்டின் முகத்தில் குறடால் அழுத்திய சின்ன மீன் உருவம். வண்டியைக் கழுவும்போதெல்லாம் அந்த மீனைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன். கம்பி அறுந்திருக்கிறதா, எவனாவது அவிழ்த்துவிட்டு மறுபடி முறுக்கி வைத்திருக்கிறானா என்று பார்ப்பேன். இதுவரை இல்லை. ஆனாலும் பார்க்காமல் விட மனசு வராது.

சந்தேகம் என் பிழைப்பு. நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சள் மண்டியில் தரம் பார்க்கிறேன். மூட்டையின் வாயைப் பிரித்தால் விரலி மஞ்சள் பளபளவென்று இருக்கும். அடியில் ஈரமும் மண்ணாங்கட்டியுமாகக் கிடக்கும். அதற்காகக் குத்தூசியைக் கையிலேயே வைத்திருப்பேன். சிரித்துக்கொண்டு வருகிற ஆளின் மூட்டையை இரண்டு தரம் குத்துவேன். "சோத்தையும் ஒருக்காக் குத்திப் பாத்துட்டுத் தின்னுங்க" என்று என் மனைவி சொல்லிக் காட்டுவாள். சொல்லட்டும். குத்தாமல் ஏமாந்தவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

நாற்பது வயதை நெருங்கும்போது எனக்கு லடாக் ஆசை வந்தது. மண்டியில் வேலை ஓய்ந்திருக்கும் மாதத்தில் மோட்டார் சைக்கிளிலேயே போய்வர நினைத்தேன். வீட்டில் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் மாமா இருந்தார், அம்மாவின் தம்பி. அவருடைய இடது கையில் மூன்று விரல்கள் கிடையாது. நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, அவர் லாரியில் இரும்பு ஏற்றிக்கொண்டு அதே லடாக்குக்குப் போனார். கணவாய் ஏறும் வழியில் வண்டி நின்றுபோய் இரண்டு நாள் பனியில் கிடந்தார். பனி தின்ற விரல்கள் அவை. "வண்டி அங்க நிக்காதுன்னு ஒருத்தன் உறுதியாச் சொல்லோணும். அப்பத்தான் போகோணும். அந்தப் பம்ப்காரன்கிட்ட மட்டும் போகாதே" என்றார் அம்மா. மாமா கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

பம்ப்காரர் யார் என்று எங்கள் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். நாமக்கல்லில் லாரிகளின் டீசல் பம்புக்கு அளவு வைக்கிறவர். எஞ்சினுக்கு எவ்வளவு எண்ணெய் போக வேண்டும் என்று திருகு வைத்துத் தீர்மானிக்கிற வேலை அது. அளவு வைத்து முடித்ததும் திருகின்மேல் கம்பி போட்டு ஈயத்தில் தன் அடையாளத்தை அழுத்திவிடுவார். டிரைவர் வழியில் கை வைத்தால் கம்பி அறுந்திருக்கும், முதலாளிக்குத் தெரிந்துவிடும். சீலை அறுத்த டிரைவருக்கு அந்த நாளில் நாமக்கல்லில் ஒருத்தரும் ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டார்கள். மாமாவின் லாரிக்கு அளவு வைத்தவர் இந்தப் பம்ப்காரர்தான். அந்த அளவு தப்பு என்று அவரே எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டார். அம்மா விடவில்லை. பஸ் ஏறிப்போய் அவர் கடை வாசலில் நின்று, இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றி, "என் தம்பி வெரலைத் தின்ன கை வெளங்காமப் போகோணும்" என்று சாபம் விட்டுவிட்டு வந்தார். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருந்தேன்.

ஆகவே வேறு கடை தேடினேன். ஓமலூரில் ஒருவர், "ஜெட்ட மாத்திட்டா பறக்கும்" என்றார். ஜெட் என்பது பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வருகிற துளை. என்னுடையது இன்ஜெக்‌ஷன் வண்டி, கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோல் விடுகிறது, அதில் ஜெட்டே கிடையாது. இல்லாத உறுப்பை மாற்றுகிறேன் என்கிறானே மனுஷன்! வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

சேலத்தில் குளுகுளு அறையோடு ஒரு கடை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், மலைக்குன்னு தனி மேப் இருக்கு" என்று பெட்ரோல் அளவை மாற்றும் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துக் காட்டினான். இதை மாட்டி நீ எந்த மலைக்குப் போனாய் என்று கேட்டேன். ஏற்காடு என்றான். ஏற்காட்டுக்கு எங்கள் ஊர்ப் பால்காரர் முப்பது வருஷத்துப் பழைய வண்டியில் போய்வருகிறார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, திறந்து காட்டு என்றேன். "அது சீக்ரெட் சார்." அந்த ஒரு சொல் போதும், நான் எழுந்துவிட்டேன்.

இன்னும் மூன்று நான்கு பேரைப் பார்த்தேன். ஒருவர் ஏர் ஃபில்டரில் ஓட்டை போடலாம் என்றார். இன்னொருவர், மேலே போய் நின்றால் போன் பண்ணுங்கள் என்றார்! கடைசியில் யோக்கியமாகத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தைத்தான் சொன்னார்கள். "காத்தும் எண்ணெயும் தெரிஞ்ச ஆளு நாமக்கல்லுல ஒருத்தர்தானுங்க. இப்பக் கம்ப்யூட்டர் வண்டியும் பாக்கறாரு." எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னால் அதற்குப் பின்னால் ஏதோ கூட்டு இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். ஆனாலும் அம்மாவிடம் சொல்லாமல் போனேன்.

யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியக் கூடாதென்று, ஊர் கெங்கவல்லி என்று புளுகினேன். பம்ப்காரருக்கு எழுபது வயது இருக்கும். ஒல்லி. சட்டைப் பையில் ஒரு ஸ்குரூ டிரைவர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்கேனரை வண்டியில் இணைத்தார். பிறகு மருந்துக்கடையில் விற்கிற ஊசிபோடும் சிரிஞ்சு ஒன்றை எடுத்து, ஒரு ரப்பர் குழாயை அதில் செருகி, மறுமுனையை எஞ்சினில் இருந்த சென்சாரில் மாட்டினார். "சாமி, இங்க திரையப் பாருங்க" என்று சிரிஞ்சை மெதுவாக இழுத்தார். காற்றழுத்தத்தைக் காட்டும் எண் சரசரவென்று இறங்கியது. "இப்ப நான் காத்தை உறிஞ்சறேன். இந்த வண்டிக்கு நாம மலைமேல நிக்கறோம்னு நெனப்பு. காத்து கொறையறதை அதுவே கண்டுபுடிச்சு எண்ணெயையும் கொறச்சுக்கும். ஒண்ணும் பண்ண வேண்டாங்க."

"ஒண்ணும் பண்ண வேண்டாமா?"

"வேண்டாங்க. ஆனா இழுவை கொறையும், பாதிதான் இருக்கும். அதை நெனச்சுப் பயந்துடாதீங்க. அங்க மனுசனுக்கே மூச்சு வாங்கும், வண்டிக்கு வாங்காதுங்களா? மொதல் கியருல மாடு நடக்கற மாதிரி போங்க. நிக்காது."

இதையே மூன்று தரம் சொன்னார். சிரிஞ்சை என் கையில் கொடுத்து, என்னையே இழுக்கச் சொன்னார். இவ்வளவு விளக்குகிறவன் எதையோ மறைக்கிறான் என்று எனக்குப் பட்டது. கூலியும் வேண்டாமென்றபோது அது உறுதியாகிவிட்டது. "சீல் போடட்டுங்களா, வேண்டாங்களா?" என்று கேட்டார். "போடுங்க" என்றேன் வெடுக்கென்று. நாளைக்கு ஏதாவது ஆனால் இவர் அடையாளம் என் வண்டியில் சாட்சியாக இருக்கட்டும் என்று கணக்குப் போட்டேன். சிரித்துக்கொண்டே, காற்றை அளந்து விடும் த்ராட்டில் திருகில் கம்பி கோத்து மீனை அழுத்தினார்.

வண்டியைக் கிளப்பும்போது கேட்டார்: "மாமனுக்குக் குளுருக்குக் கை நோவுதுங்களா? இல்லாத வெரலுதான் ரொம்ப நோவும்ங்கறாங்க."

திரும்பிப் பார்த்தேன். "கெங்கவல்லியில இப்படிப் பேச மாட்டாங்க சாமி. மூஞ்சியும் அன்னைக்கு மண்ணத் தூத்துன அம்மிணி மூஞ்சி. அதை நான் மறக்க முடியுங்களா?" என்றார். வண்டியை முறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஒரே எரிச்சல். குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் காசு வாங்கவில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மாமா களத்தில் தனியாக இருந்தார், மஞ்சளைக் காலால் தள்ளிப் பரப்பிக்கொண்டு. நான் கொதிப்போடு சொன்னேன். "ஒண்ணுமே பண்ணாம சீலக் கட்டி அனுப்பிட்டான் மாமா அந்தாளு. உங்களுக்கும் இப்படித்தான பண்ணியிருப்பான்?"

மாமாவின் கால் நின்றது.

"அவுரு வெச்ச அளவு சரிதான்டா. மேல போகப் போக இழுவை செத்துப்போச்சு. எங்கூட வந்த லாரியெல்லாம் பொகையக் கக்கிட்டு முன்னால போவுது. பம்ப்காரன் மொதலாளிகிட்ட நல்லபேரு வாங்கறதுக்கு எண்ணெயக் கொறச்சு என்னை ஏமாத்திட்டான்னு நெனச்சேன். சீல அறுத்துத் திருகத் தொறந்து உட்டேன். அந்த ஒசரத்துல எண்ணெய் எரியக் காத்து பத்தல, ஒரே கரும்பொகை. எஞ்சின் காஞ்சு நின்னுபோச்சு."

லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்த நாளில், கட்டுப் போட்ட கையோடு மாமா முதலாளிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். பம்ப்காரர் குனிந்து பார்த்திருக்கிறார். அறுந்த கம்பியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து, சீல் போட மறந்துவிட்டேன், அளவும் என் தப்புத்தான் என்று சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் பல வருஷம் முதலாளிகள் அவர் கடைப்பக்கம் திரும்பவில்லை. மாமாவோ மிச்ச விரல்களோடு பதினைந்து வருஷம் லாரி ஓட்டினார். இரண்டு மகள்களைக் கட்டிக் கொடுத்தார்.

"அம்மா மண்ணத் தூத்துனப்ப?"

"பாத்துட்டு நின்னேன்." மாமா அழுதார். "அக்காகிட்டச் சொல்லிப்போடாதே சாமி."

நான் சொல்லவில்லை. சொல்லாமலே லடாக்குக்குப் போனேன். என்னைப் பற்றிய வெட்கக்கேடான விஷயம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகும், கணவாயின் கடைசி ஏற்றத்தில் வண்டி முனகத் தொடங்கியதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது! ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகினாலும் நடை வேகம்தான். கிழவர் உண்மையிலேயே ஏமாற்றிவிட்டாரோ? மாமா அவரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாரோ? நிறுத்தி, இறங்கி, பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துவிட்டேன். கம்பி அதன் வாய்க்குள் போய்விட்டது. கையுறையைக் கழற்றியிருந்தேன். ஐந்து விரலும் நீலம் பாரித்திருந்தன. மூச்சு வாங்கியது. எனக்கே மூச்சு வாங்கும்போதுதான் அந்தச் சிரிஞ்சு ஞாபகம் வந்தது. நானே இழுத்துப் பார்த்தேனே, எண் இறங்கியதே. பிளேயரை உள்ளே போட்டேன். முதல் கியரில், மாடு நடக்கிற வேகத்தில் ஏறினேன். வண்டி நிற்கவில்லை.

திரும்பி வந்த அன்று மாமா வாசலுக்கு வந்தார். என்னை விசாரிக்கவில்லை. குனிந்து, டேங்குக்கு அடியில் கையை விட்டு, மீதமிருக்கும் இரண்டு விரலால் கம்பியைத் தடவினார். நிமிர்ந்ததும் நேரே சமையற்கட்டுக்குப் போய், அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மா அவரைத் திட்டவில்லை. அன்றைக்குச் சோறும் உண்ணவில்லை. மறுநாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "என்னை அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

பம்ப்காரர் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வாசலைத் தாண்டி உள்ளே போக அம்மாவுக்குக் கால் வரவில்லை. பழைய இடத்திலேயே நின்றுகொண்டு, "நான் தூத்துன மண்ணு..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதை அன்னைக்கே கூட்டித் தள்ளிட்டேனுங்க அம்மிணி. உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றார் அவர்.

காப்பி வந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருத்தர் காரணமில்லாமல் பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வாரா, இதற்கு அடியில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்? கேட்டேவிட்டேன். பம்ப்காரர் கோபித்துக்கொள்ளவில்லை.

"தப்பு என்னுதுந்தான சாமி. எண்ணெய ஏன் கொறச்சேன்னு உங்க மாமன்கிட்ட ஒரு வார்த்தை நான் சொல்லல. டிரைவருக்கு எதுக்குச் சொல்லோணும், சீலக் கட்டுனாப் போதும்னு இருந்துட்டேன். சொல்லியிருந்தா அவரு அறுத்திருப்பாருங்களா? அதுக்கப்புறம் சொல்லிப் புரியவெக்காம ஒரு வண்டியும் நான் அனுப்பறதில்லீங்க."

நான் குத்திக் குத்திப் பார்த்த மூட்டையில் அடிவரைக்கும் நல்ல மஞ்சளாகவே இருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் அவர் காலமானார். மாமா பாடைக்குத் தோள் கொடுத்தார். கடையை இப்போது அவருடைய மகள் நடத்துகிறார். அதே மீன் குறடுதான். சிரிஞ்சை மட்டும் புதிதாக வாங்கியிருக்கிறார்.

மாமா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வண்டியிடம்தான் போகிறார். குனிந்து ஈயக்குண்டைத் தேடிப் பிடிக்கிறார். "அறுக்கலியேடா?" என்கிறார். "இல்லீங்க மாமா" என்கிறேன். கணவாயில் பிளேயரை எடுத்ததை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. கம்பியின் ஓரிடத்தில் அதன் பல் பட்ட வடு இருக்கிறது. மாமாவின் விரல் ஒவ்வொரு தடவையும் அந்த வடுவில் வந்து கொஞ்சம் நிற்கிறது. ஒன்றும் கேட்காமல் கையை எடுத்துவிட்டு உள்ளே வருகிறார்.