ஐந்து வாட்டில் பிரேசில்

மறுநாள் காலையில் மேஸ்திரி வந்துவிடுவார். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரை உயர்த்திப் புது ஷீட் போடப்போகிறார்கள். அந்தச் சுவரில்தான் என் மூங்கில் கம்பைக் கட்டியிருந்தேன், கம்பின் மேல் என் ரேடியோவின் ஆன்டெனா ஒயர். தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக ஒட்டி ஒட்டிக் கட்டிய ஊரிகத்து லைன் வீட்டில் கம்பு நடுவதற்கு வேறு இடம் ஏது? அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தப்பினால் பிரேசில் எனக்கு இல்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்தே வெளிநாட்டு ஆட்களைக் கூப்பிட்டுப் பேசும் அமெச்சூர் ரேடியோவுக்கான லைசென்ஸ் பரீட்சையில் ஒரு தடவை தோற்றுத்தான் பாஸ் செய்தேன். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும், இது வேறு யாருக்கோ வரவேண்டியது தவறி வந்துவிட்டதோ என்று பல நாள் மனசு அடித்துக்கொண்டது. கேஸை மூடினோமா என்று பார்க்க ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடிவருகிற ஆள் நான்.

குறைந்த சக்தியில் ரேடியோ போட ஆரம்பித்ததும் அந்தப் பயத்தால்தான். மற்றவர்கள் நூறு வாட் செட் வைத்திருந்தார்கள். எனக்கோ சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு டிவி. சீரியல் நடக்கும்போது என்னால் கரகரவென்று கோடு விழுந்தால் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது? ஐந்து வாட் செட் ஒன்றை நானே சால்டர் வைத்துக் கட்டினேன். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குள் தொங்கவிடும் பல்பு அதைவிட அதிகம் இழுக்கும். அவ்வளவு சின்ன சக்தியில் வாயால் பேசினால் தூரம் போகாது. மோர்ஸில் புள்ளியும் கோடுமாகத் தட்டினால், இரைச்சலுக்குள் ஊசி மாதிரி நுழைந்து போகும்.

அப்படித்தான் இலங்கை கிடைத்தது, ஜப்பான் கிடைத்தது, ஒரு நாள் இத்தாலியும் கிடைத்தது. பிரேசில் மட்டும் கேட்கும், பதில் தராது. பூமி உருண்டையில் நமக்கு ஏறக்குறைய மறுபக்கம் அது. பெங்களூரில் இருக்கும், கன்னடம் கலந்தே பேசும் ரேடியோ நண்பர் போனில் சிரித்தார்.

"குரு, சும்னே ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கிப் போடு. அஞ்சு வாட்டுல பிரேசிலா? எறும்பு நின்னுகினு எருமைய கூப்பிடற மாதிரி கீது."

"எருமை திரும்பிப் பாக்கற வரைக்கும் கூப்பிடறேன்."

"அதுக்குள்ள எறும்பு செத்துடும்பா."

சிரித்துவிட்டு வைத்தேன். ஆனால் மனதுக்குள் ஒன்று பிடித்துக்கொண்டது. நான் பாதியில் விட்டவை நிறைய. படிப்பை விட்டேன், டிரைவிங் கற்றுக்கொள்வதை விட்டேன், ஒரு நல்ல வேலையைப் பயந்துபோய் விட்டேன். இதை விடுவதாக இல்லை. நான் கட்டிய செட், அதே ஐந்து வாட், அங்கே ஒருவர் என்னைக் கேட்டுப் பதில் தரவேண்டும்.

இங்கே பொழுது சாயும்போது அங்கே காலை. அந்த வேளையில் கொஞ்ச நேரம் வழி திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். பின்கட்டுக் கதவருகே மேசையைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஈரத்துணியோடு வந்தார்.

"அண்ணா, இந்த ஒயர் மேல புடவ போட்டுக்கட்டுமா?"

"வேணாம்மா, வேணாம்மா!"

"ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது. எனக்கு சிக்னல் போயிடும்."

"அப்போ ஷாக் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் துணியை வேறு பக்கம் கொண்டுபோனார்.

பிரேசில் ஸ்டேஷன் ஒன்று தெளிவாகக் கேட்டது, எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஐரோப்பாக்காரர்கள் பலத்த சத்தத்தில் மொய்த்தார்கள். அவர்கள் ஓயட்டும் என்று காத்திருந்து, சரியான இடைவெளியில் மோர்ஸ் தட்டும் கீயில் கை வைத்தேன். அந்த நொடியில் யாரோ ஒற்றைப் புள்ளி ஒன்றைத் தட்டினார். கை தவறிப் பட்டிருக்கும். என் கை கீயை விட்டு எழுந்துவிட்டது.

இந்தத் தப்பு எங்கள் ஊர்க்காரனுக்குத்தான் வரும். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்குப் பெல்தான் பாஷை. ஓடுகிற கேஜுக்கு ஒரு பெல் அடித்தால் நில் என்று அர்த்தம். அப்பா பெல் அடிக்கும் வேலையில் இருந்தவர். நான் கேஜில் ஒரு நாளும் இறங்கியதில்லை, சுரங்கமே மூடி எவ்வளவோ காலமாகிறது. இருந்தும் ஒரு பெல்லுக்குக் கை நின்றுவிட்டது. அதற்குள் பிரேசில்காரர் வேறொருவருக்குப் பதில் கொடுத்துவிட்டார்.

வாய்க்குள் என்னைத் திட்டிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும். பதில் வந்தது! லைசென்ஸில் எனக்குத் தந்த அழைப்புக் குறி, ஒவ்வோர் எழுத்தாக, ஹெட்போனுக்குள். கடைசி எழுத்தில் மட்டும் மூன்று புள்ளி. என் குறியில் நான்கு. ஒரு புள்ளி வழியில் எங்கோ விழுந்துபோயிருந்தது. அவர் நன்றி சொல்லி முடித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

என் வீட்டுக்காரி கதவருகே வந்தாள். "இன்னாங்க, கெடைச்சுதா?"

"கெடைச்சுது. ஒரு புள்ளி கொறையுது."

"ஒரு புள்ளிதானே? கோலத்துல நான் எத்தினி விட்டிருக்கேன்."

"நீ விட்டா கோலம் கோணும். இங்க விட்டா அது வேற ஆளு."

பெங்களூர் நண்பராக இருந்தால் கிடைத்த கணக்கில் எழுதியிருப்பார். பிறகு மெயில் போட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்பார். என்னால் முடியவில்லை. சுரங்கத்தில் கீழ்த்தள லெவலிலிருந்து அடித்த பெல்லை, மேலே கேஜை இழுக்கும் இன்ஜின் ஓட்டுகிறவர் அதே எண்ணிக்கையில் திருப்பி அடிக்கவேண்டும். திருப்பி அடிக்காமல் கேஜ் அசையாது. எங்கள் வீட்டில் கடைக்குப் போகச் சொன்னாலும் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டவேண்டும். மூன்று திரும்பி வந்தால் நான் அடித்த நான்கு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவருடைய சத்தம் ஏறி இறங்கியது. முழு அழைப்புக் குறியையும் அனுப்பிப் பார்த்தேன், கூட்டத்தில் மூழ்கியது. தொந்தரவு செய்கிறேனோ, இந்த இந்தியாக்காரனுக்கு மரியாதை தெரியவில்லை என்று நினைப்பாரோ. நினைக்கட்டும். அடுத்த இடைவெளியில் கடைசி எழுத்தை மட்டும் அனுப்பினேன். நான்கு புள்ளி, நிறுத்தம், நான்கு புள்ளி, நிறுத்தம், நான்கு புள்ளி. கேஜ் பெல் மாதிரி நிதானமாக.

இரைச்சல். பிறகு அவர் ஒரு கேள்விக்குறி அனுப்பினார். மற்றவர்கள் மேலே விழுவதற்குள் மறுபடியும் நான்கு புள்ளி.

முழுக் குறியும் திரும்பி வந்தது. கடைசியில் நான்கு. எண்ணினேன், நான்குதான். சரி என்று அனுப்பினேன். அவர் என்ன நினைத்தாரோ, அந்த எழுத்தை மட்டும் இன்னொரு தடவை, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக அனுப்பினார். சிறிது நேரத்தில் அவர் சத்தம் கரைந்து, வெறும் உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

ஹெட்போனைக் கழற்றியபோது காதெல்லாம் வேர்த்திருந்தது. வீட்டுக்காரி இன்னும் கதவருகே நின்றாள்.

"நாலா?"

"நாலு."

"அப்போ கம்பைக் கழட்டுங்க. காலீல மேஸ்திரி வந்து கத்துவாரு."

ஏணியைச் சாத்தி ஏறி முடிச்சை அவிழ்த்தேன். மேலேயிருந்து பார்த்தால் எங்கள் குளியலறைச் சுவர் தெரிந்தது. அது யாருக்கும் பொதுச் சுவர் இல்லை.

"அந்த சுவத்துல கட்டினா?"

"சாயும்ங்க."

"ரெண்டு கிளாம்ப் அடிச்சா சாயாது."

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டே அந்தச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். "மூணு அடிங்க" என்றாள்.