பட்டியலில் விட்டுப்போனது

மயிலாப்பூரில் நான் பார்க்கப் போன வக்கீல் எந்தக் காகிதத்தையும் கடைசி வரியிலிருந்துதான் படிப்பார். ஒல்லியான மனிதர். ஆளை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்ப்பார்.

அடையாறில் எங்கள் தரைத்தள வீட்டின் பொதுவழியைப் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். வாக்கர் பிடித்து நடக்கும் அம்மா வெளியே போக வேறு வழியில்லை. தடை உத்தரவு கேட்பதற்காக, பக்கத்து வீட்டுக்காரரின் தவறுகளைப் பதினான்கு வரிகளாக எழுதிப் போயிருந்தேன்.

வக்கீல் பதினான்கிலிருந்து ஒன்றுவரை படித்தார். "நீங்க என்ன பண்ணீங்கம்மா? அது இதுல இல்லையே."

பக்கத்து வீட்டுக்காரர் இவரை முன்பே பார்த்துப் பேசிவிட்டாரோ என்று சந்தேகம் வந்தது. "சார், நீங்க யாருக்கு வக்கீல்?"

"தடை உத்தரவு ஜட்ஜ் நியாயம் பார்த்துத் தர்றதும்மா. கேக்க வந்தவங்க கை சுத்தமான்னுதான் முதல்ல பாப்பாங்க. எதையாவது மறைச்சது தெரிஞ்சா, குடுத்ததையும் ரத்து பண்ணிடுவாங்க."

அதே வழியில் எங்கள் வாஷிங் மெஷினுக்குத் தகரக் கொட்டகை போட்டிருந்ததைச் சொன்னேன்.

"பிரிச்சிட்டு வாங்க. போட்டதையும் பிரிச்சதையும் நாமளே மனுவுல எழுதிடலாம்."

தடை கிடைத்த அன்று, கோர்ட் வராந்தாவில் மறுபடி கேட்டார். "வேற ஒண்ணும் மறைக்கலையே?"

இல்லை என்றேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை.