இறங்கிப் பார்க்காத கண்டக்டர்

என் வீட்டுக்காரர் தர்மராஜ் முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தார். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் அவர் வாய்விட்டுக் கூப்பிடாத ஊர் கிடையாது. "கோட்டை எறங்கு, ரஞ்சன்குடி கோட்டை எறங்கு" என்று எத்தனை ஆயிரம் தடவை கத்தியிருப்பாரோ, அந்தக் கோட்டைக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. உள்ளே என்னங்க இருக்கும் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "ரெண்டு நிமிஷம் நிப்போம். அதுல என்னத்தப் பாக்குறது?" என்றார்.

அப்படிப்பட்ட மனுஷரோடுதான் நான் ஊர் சுற்ற ஆசைப்பட்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

என் பெயர் வெற்றிச்செல்வி. பெரம்பலூர் துறைமங்கலத்தில் வீட்டிலேயே தையல். அவர் டூட்டிக்குப் போனதும் நான் மிஷினில் உட்கார்ந்துவிடுவேன். ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் அங்கே போனோம், இங்கே போனோம் என்று கதை சொல்வார்கள். "உனக்கென்ன, பஸ்காரர் சம்சாரம். நீ பாக்காத ஊரா?" என்றும் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பார்த்ததெல்லாம் அவர் காக்கிச் சட்டையில் படிந்து வந்த புழுதியைத்தான். அரியலூர்ப் பக்கம் போன நாளில் சட்டை சிமெண்டு நிறத்தில் வரும். ஜெயங்கொண்டம் பக்கம் போன நாளில் செம்மண். துவைக்கிறவளுக்கு அதற்குமேல் ஊர்ப்பெருமை தெரியவேண்டியதில்லை பாருங்கள்.

போன வருஷம் வைகாசியில் அவர் ஓய்வு பெற்றார். மாலையும் கையுமாக வீட்டுக்கு வந்தவரை உட்காரவைத்துச் சொன்னேன். "நீங்க கூப்பிட்ட ஊரையெல்லாம் எனக்குக் காட்டணும். ஒவ்வொண்ணா." அவருக்கும் சந்தோஷம்தான். அன்றைக்கே எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி, திரும்ப எத்தனை மணிக்கு என்று தாள் எடுத்து எழுதினார். அந்தத் தாளைப் பார்த்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

முதலில் ரஞ்சன்குடி கோட்டை. மேலே ஏறி, காற்று முகத்தில் பட்டு, அப்பாடா என்று மதில் ஓரம் நின்றேன். கீழே வயல்களும் நெடுஞ்சாலையும் தெரிந்தன. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "செல்வி, பதினொண்ணு இருவது வண்டிய விட்டா அப்புறம் ஒண்ணேகாலுக்குத்தான்." இறங்கினோம். ஏறியதும் இறங்கியதும் போக, கோட்டையில் நின்றது பத்து நிமிஷம் இருக்கும்.

அடுத்தது சாத்தனூர் கல்மரம். ஒரு முழு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது, வேலி போட்டுப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். எத்தனையோ கோடி வருஷத்துக்கு முந்தியதாம், அப்போது இங்கே கடலாம். கடலா, நம் ஊரிலா என்று நான் வாய் பிளந்து நிற்கிறேன். இவர் பின்னாலிருந்து, "பாத்தாச்சா? மரம் இத்தனை கோடி வருஷம் கெடந்துருக்கு, இன்னமும் கெடக்கும். பஸ் கெடக்காது" என்கிறார்.

கரைவெட்டி ஏரிக்கு மார்கழியில் போனோம். சாயங்காலம் பறவைகள் கூட்டமாக வந்து இறங்குவதுதான் அங்கே பார்க்கவேண்டியது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நாங்கள் மூன்றரைக்கே திருமானூர் வண்டியில் இருந்தோம். ஜன்னல் வழியாகத் தலைக்கு மேலே ஏரியைப் பார்த்துப் பறந்துபோன கூட்டத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாப்பாடும் இதே கதைதான். பஸ் நிற்கும் ஓட்டலில் ஏழு நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்து பழகியவர் அவர். லப்பைக்குடிக்காட்டில் பிரியாணி நன்றாக இருக்கும் என்று கூட்டிப்போனார். நான் இரண்டாவது வாய் வைக்கும்போது அவர் கை கழுவிவிட்டு என் பக்கத்தில் நிற்கிறார். நிற்கிற ஆளை வைத்துக்கொண்டு எலும்பைக் கடித்துச் சாப்பிட முடியுமா?

அவர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நடக்கும்போது என் முட்டிவலிக்காக மெதுவாகத்தான் நடப்பார். பையை என்னிடம் கொடுக்கவே மாட்டார். ஆனால் ஓர் இடத்தில் நிற்கவேண்டும் என்றால் அவருக்குக் காலுக்கடியில் தணல். கரைவெட்டியிலிருந்து வந்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டேன். "அடுத்தது கங்கைகொண்ட சோழபுரம். அங்க நான் போதும்னு சொல்ற வரைக்கும் கெளம்பக் கூடாது. இந்தத் தடவையும் அவசரப்படுத்துனீங்க, இனிமே உங்களோட ஒரு ஊருக்கும் வரமாட்டேன். வூட்டோட இருந்துக்குறேன்." நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரிந்தது. "சரிம்மா" என்றார்.

தை மாதம், ஒரு புதன்கிழமை. பெரம்பலூரில் ஒன்பது மணிக்கு ஜெயங்கொண்டம் வண்டி. கண்டக்டர் கோகுலகிருஷ்ணன் என்கிற பையன், இவரிடம் வேலை கற்றவன். "சார், வாங்க சார்" என்று ஒரே உபசாரம். நான் முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தேன். இவர் பின்படிக்குப் பக்கத்தில், அவர் காலமெல்லாம் நின்ற இடத்திலேயே போய் நின்றுகொண்டார். உட்காருங்கள் என்று யார் சொன்னாலும் கேட்கவில்லை.

உடையார்பாளையத்தில் வண்டி நின்றது. நிறுத்தத்துக்கு எதிரே ஓர் அம்மா அடுப்பு வைத்து வடை போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுக்கிறார். வண்டி கொஞ்ச நேரம் நிற்கும் என்று கோகுலகிருஷ்ணன் சொன்னான். சின்னப் பர்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னால் நிற்கிறவரிடம் சொல்லாமலே முன்படி வழியாக இறங்கினேன். பை, செல்போன், தண்ணீர் பாட்டில் எல்லாம் அவரிடம்.

நடந்தது இதுதான். கோகுலகிருஷ்ணன் நடுவில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கிறான். பின்படியில் ஒரு கிழவர் ஏறினார். அவருக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்ட என் வீட்டுக்காரர், பழக்கதோஷம், வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு "போலாம் ரைட்!" என்றார். அந்தக் குரலுக்கு எந்த டிரைவர் நிற்பார்? வண்டி கிளம்பிவிட்டது. நான் வடைக் கடையில் நின்று அந்த ரைட்டைக் காதாரக் கேட்டேன். என்னை விட்டுவிட்டுப் போவதற்கு என் புருஷனே குரல் கொடுத்தார்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம். அப்புறம் பயம். அவர் செல் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை, போட்டோவைத் தொட்டுத்தான் பேசுவேன். வடைக்கார அம்மா பெயர் வீரம்மாள். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏம்மா, ஒன்ன வுட்டுட்டுப் போயிட்டாங்களே! இரு, திரும்பி வருவாரு."

வருவார், அதில் சந்தேகமில்லை. ஆனால் வந்து? நேரமாயிற்று, இன்னொரு நாள் பார்க்கலாம், பதினொன்றே முக்காலுக்குப் பெரம்பலூர் வண்டி இருக்கிறது என்பார். இந்த நாளும் போய்விடும். அதை நினைத்ததும் பயமெல்லாம் பறந்துவிட்டது. ஒரு வடையைத் தின்று, மீதியை அவர் கட்டிக்கொடுக்க வாங்கிக்கொண்டு, "அக்கா, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் அலைபாஞ்சுக்கிட்டு வருவாரு. நான் சோழபுரம் கோயிலுக்குப் போயிட்டேன்னு சொல்லிருங்க" என்றேன். ஜெயங்கொண்டம் டவுன் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மெஸ். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாகத் தனியாக ஓர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பரிமாறியவர், "கூட யாரும்மா வர்றாங்க?" என்றார். "யாரும் இல்ல, போடுங்க" என்றேன். முருங்கைக்காய் சாம்பார், முந்திரிக்கொட்டை போட்டு ஒரு கூட்டு, அவர்கள் ஊர் முந்திரி. ரசத்தை இரண்டு தடவை வாங்கி, பொறுமையாக, விரலை நக்கிச் சாப்பிட்டேன். யாரும் என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை.

ஒரு மணிவாக்கில் கோயிலில் இருந்தேன். சன்னதி சாத்தியிருந்தது. அது நல்லதாகப் போயிற்று, வெளியே சுற்றிப் பார்க்க நேரம் கிடைத்தது. கோபுரம் அவ்வளவு பெரியது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் கண் தையல்காரி கண். சிலையைப் பார்த்தால் முகத்தைப் பார்க்காது, துணியைத்தான் பார்க்கும். கல்லில் கொசுவம் மடித்திருக்கிறான் ஐயா, ஒவ்வொரு மடிப்பும் விழவேண்டிய இடத்தில் விழுகிறது! வடக்குப் பக்கம் சிவன் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற பக்தன் தலையில் பூமாலையைச் சுற்றிவிடுகிறார். அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கால் வலித்தபோது போய்ப் புல்தரையில் மர நிழலில் உட்கார்ந்தேன். வலி குறைந்ததும் மறுபடி போய்ப் பார்த்தேன். வயிறும் மனசும் நிறைந்திருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அந்த இரண்டு மணி நேரம் எனக்கு அவர் ஞாபகமே வரவில்லை.

மூன்று மணிக்கு மேல்தான் திக்கென்றது. இவ்வளவு நேரம் ஆகாதே! வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

மூன்றரைக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, தோளில் என் பை. புல்தரைக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். ஓடி வரவில்லை. மெதுவாக நடந்து வந்து பையைக் கீழே வைத்து, என் எதிரே உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நானும் பதிலுக்கு நான்கு வார்த்தை தயாராக வைத்திருந்தேன்.

"ஜெயங்கொண்டத்துல எல்லாரும் எறங்குனாங்க. நீ எறங்கல" என்றார். "சீட்டுக்குச் சீட்டு குனிஞ்சு பாத்தேன். ஒன் நம்பருக்குப் போன் போட்டா எந்தோள்ல இருக்குற பையில அடிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

உடனே உடையார்பாளையத்துக்குத் திரும்பியிருக்கிறார். நான் டவுன் பஸ்ஸில் வந்ததும் அவர் திரும்பிப் போனதும் ஒரே ரோடு, எங்கேயோ எதிரெதிரே கடந்திருக்கிறோம். அவர் போன நேரத்தில் வீரம்மாள் வடை தீர்ந்து அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். நான் சொல்லிவிட்டு வந்த ஒரே ஆள்! இவர் கோயில், கடைத்தெரு, ஆஸ்பத்திரி என்று ஒன்று விடாமல் தேடியிருக்கிறார். கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் சொல்லி வீரம்மாள் வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி இரண்டுக்கு மேல்.

"அந்த ஊர்ல டீக்கடையில இருந்த ஒருத்தன் சொன்னான், பதறாதீங்க சார், அடுத்த வண்டியில வந்துருவாங்கன்னு. அவன அறையலாம் போல இருந்துச்சு செல்வி." கொஞ்ச நேரம் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "நான் எத்தினி பேருகிட்ட அதையே சொல்லியிருக்கேன். புள்ளைய விட்டுட்டேன், அம்மாவ விட்டுட்டேன்னு அழுவாங்க. வண்டிய நிறுத்த முடியாதும்மா, அடுத்ததுல வருவாங்கன்னு சொல்லிட்டு டிக்கெட் கொடுக்கப் போயிருவேன்."

நான் வைத்திருந்த நான்கு வார்த்தையும் எங்கே போயிற்றோ. பாட்டிலைத் திறந்து கொடுத்தேன், மடமடவென்று குடித்தார். சாப்பிட்டீங்களா என்றேன். இல்லை என்றார். வீரம்மாள் எனக்குக் கட்டிக்கொடுத்த வடையில் இரண்டு மீதி இருந்தது. ஆறிப்போன வடையை, என் வாழ்நாளில் முதல் தடவையாக, என் வீட்டுக்காரர் மெதுவாகச் சாப்பிட்டார்.

"பாத்தியா எல்லாம்?" என்றார்.

"பாதி பாத்தேன். இன்னும் இருக்கு."

"பாரு" என்றார். கடிகாரம் கட்டியிருந்த கையைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு புல்லில் சாய்ந்தார். நான் கோபுரத்தின் அந்தப் பக்கம் போய்ச் சுற்றிவிட்டு வந்தபோது தூங்கிப்போயிருந்தார்.

வெளியே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. சன்னதி திறந்து மணிச்சத்தம் கேட்டது. அவர் அசையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். நரைத்த மீசை மூச்சுக்கு அசைந்தது. டிக்கெட் கிழித்துக் கிழித்துக் காய்த்துப்போன கட்டைவிரல் புல்லில் கிடந்தது. முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. சாமி பார்க்கப் போகலாமா என்று யோசித்தேன். கோபுரத்தில் மஞ்சள் வெயில் ஏறியிருந்தது, அதைப் பார்க்கத்தான் அத்தனை சண்டை போட்டு வந்தேன். எழுந்திருக்க மனசு வரவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழித்தபோது பதறி எழுந்து, "என்ன செல்வி, நேரமாயிருச்சா?" என்றார்.

"இல்லைங்க" என்றேன். "நான் போதும்னு சொல்லல இன்னும். படுங்க. அடுத்த வாரம் எங்க போறதுன்னு யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."