கொசு இல்லாத ஊரில் மூடிவைத்த தண்ணீர்

இங்கே துவைத்த துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, மற்ற துணிகளையும் உதறிப் போட்டுத் திரும்பினால் துண்டு காய்ந்திருக்கிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், பதினொரு நிமிடம். சென்னை மந்தைவெளியில் ஒரு கார்த்திகை மாதம் என் பனியன் மூன்று நாள் கொடியில் கிடந்து, கடைசியில் இஸ்திரிப் பெட்டியால்தான் காய்ந்தது. அதுவும் என் டைரியில் இருக்கிறது. தண்ணீரைப் பற்றி நான் எழுதி வைத்திருப்பது எதுவும் இந்த அரிசோனா பாலைவனத்தில் செல்லாது என்று வந்த வாரமே புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் நான் செய்த காரியத்தை எழுதுகிறேன்.

என் மனைவிக்கு இங்கே ஒரு சிற்றூர் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அவள் பின்னால் நான் வந்தேன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் பத்தொன்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்த எனக்கு, ஊருக்கு வெளியே உள்ள ஆய்வு நிலையத்தில் அதே வேலை கிடைத்தது. ஆண்டுதோறும் ஓவியக் கல்லூரி மாணவர்கள் வந்து மூன்று வாரம் தங்கி, விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஏதாவது செய்வார்கள். அதற்கு ரெசிடென்சி என்று பெயர். இந்த முறை ஒரு பையன் கற்றாழையில் மைக்கை ஒட்டிவைத்து, அது பேசும் என்று காத்திருந்தான். ஒரு பெண் பாறையின் நிழலைச் சுற்றி அரைமணிக்கொரு முறை சாக்பீஸால் கோடு போட்டாள். மாணவர்களின் படைப்புகளைத் தொடமாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்றே என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கற்றாழையைத் தொடும் ஆசை எனக்கு எப்போதும் இருந்ததில்லை என்பதால் யோசிக்காமல் போட்டுக்கொடுத்தேன்.

ஹானா என்ற மாணவி இருபத்துநான்கு எவர்சில்வர் கிண்ணங்கள் கேட்டு வந்தாள். என் மகள் வயதுதான். "சேகர்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். இங்கே அதுதான் மரியாதை என்கிறார்கள். ஸ்டோருக்குப் பின்னால், வேறு யாரும் வராத வெட்டவெளியில் கிண்ணங்களைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் பதினொரு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றினாள். காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் ஸ்கேலால் அளப்பாள். அளவு விஞ்ஞானம். தண்ணீர் வற்றியதும் அடியில் படியும் வெள்ளை உப்பு வளையம் கலை.

மாலை ஆறரைக்கு ஸ்டோரைப் பூட்டிவிட்டுப் பார்க்கிறேன், இருபத்துநான்கு கிண்ணத் தண்ணீர் திறந்து கிடக்கிறது. மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தின் செக்ரெட்டரி நான்தான். ஒரு நாள் மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்புப் பணிக்கு வந்த அம்மாள் மொட்டை மாடியில் ஒரு பக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "இன்னா சார், கொசுப்பண்ணை வச்சிக்கினு கீறீங்களா? யார் வூட்டு பக்கெட்டு இது?" என்றார். பக்கெட் என்னுடையது. அதற்கு நேர் மேலே சுவரில் 'தண்ணீரை மூடி வைக்கவும் – செயலாளர்' என்று நானே எழுதி ஒட்டிய காகிதம். ஆறு வீட்டுக்காரர்களும் நிற்க, அதை அவர் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். இதெல்லாம் சிரிப்பாகவே போயிருக்கும். ஆனால் அந்த மாதம் கீழ்வீட்டுக் குழந்தை டெங்குவில் எட்டு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தது. யார் வீட்டுக் கொசு என்று எவரும் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து திறந்த தண்ணீரைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

ஸ்டோரில் முப்பத்தாறு தட்டுகள் இருந்தன. இருபத்துநான்கை எடுத்து மூடி, காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்தேன். தினமும் காலை ஏழு மணிக்குச் சரக்குக் கணக்கெடுப்பு. தட்டு முப்பத்தாறும் அலமாரியில் இருந்தாக வேண்டும். அதனால் காலையில் முதல் வேலையாகத் திறந்து, தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். மூடியது 6.32, திறந்தது 6.28 என்று டைரியில் குறித்துக்கொண்டேன். பதினொரு நாள் இப்படியே நடந்தது. இதையெல்லாம் ஒரு உதவி என்று வெளியே சொல்லிக்கொள்வதா என்று யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் மதியம், சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்து மேசையில் வால்டர் என்ற விஞ்ஞானி ஹானாவின் நோட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஏழாம் நாள் மாலை அறுபத்துநான்கு மில்லிமீட்டர், மறுநாள் காலையும் அறுபத்துநான்கு. எல்லா இரவும் இப்படியே, ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. இந்த ஊர்க் காற்று இரவிலும் தண்ணீர் குடிக்கும். நீ காலையில் எழுந்து அளக்கவே இல்லை, மாலை அளவைப் பார்த்து எழுதியிருக்கிறாய். இது வெள்ளிக்கிழமைக் கண்காட்சிக்குப் போகாது."

"அளந்தேன்," என்றாள் ஹானா. மறுபடியும், "அளந்தேன்." நோட்டை எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி எழுந்து போனாள். அவள் அறைக் கதவில் 'இரவில் பாலைவனம் தண்ணீரைத் தொடுவதில்லை' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தயிர்சாத டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று மாலை தட்டுகளோடு கிண்ணங்கள் முன் நின்றேன். மூடினால் தப்பு தொடரும். மூடாவிட்டால் காலையில் தண்ணீர் குறைந்திருக்கும். திட்டு வாங்கிய பிறகுதான் ஒழுங்காக அளந்தாள் என்பார்கள். மந்தைவெளியில் இருக்கும் தங்கை உஷாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை ஏழரை. சங்கரா மீனைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

"இன்னாண்ணா, கொரலே செரியில்ல?"

சொன்னேன். அவள் சிரித்து முடிக்கக் காத்திருந்தேன்.

"அமெரிக்கா போயும் செக்ரெட்டரி வேலதானா? அங்க கொசு கீதா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு மூடுன?"

கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்தேன்.

"சரி வுடு. கிண்ணத்த மூடத் தெரியுதில்ல, வாயையும் மூடிக்கினு இரு. வேல போச்சுன்னா அண்ணிதான் சோறு போடணும்." குழாய் நின்றது. "அந்தப் பொண்ணு இன்னா பண்ணுது?"

"அழுதுது."

"பொய்யி சொல்லலன்னு தெரிஞ்சும் உன் வாய் சும்மா இருந்துச்சா? போய்ச் சொல்லிடுண்ணா."

கிண்ணங்களைத் திறந்தபடியே விட்டுவிட்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வால்டர், ஹானா, நிலைய மேலாளர் லிண்டா மூவருக்கும் முன்னால் என் டைரியை விரித்துவைத்து, ராத்திரியில் நான் மூடினேன் என்றேன்.

"எந்த விலங்குக்காக?" என்றார் வால்டர்.

"விலங்கு இல்லை. கொசு."

"இங்கே கொசு கிடையாதே."

"தெரியும்."

"பிறகு ஏன்?"

ஒரே கேள்வி, இரண்டாவது மொழியில். டைரியை அவர் பக்கம் நகர்த்தினேன். டைரி தமிழில் இருந்தாலும் எண்களை அவரால் படிக்க முடிந்தது. பதினொரு பக்கங்களையும் புரட்டிவிட்டு ஹானாவிடம் மன்னிப்புக் கேட்டார். ஹானாவோ என் பக்கம் திரும்பி, "என்னுடைய பதினொரு இரவுகள்!" என்று கத்திவிட்டு வெளியே போனாள். மதியம் ஸ்டோருக்கு வந்து, "சேகர், பன்னிரண்டு தட்டு," என்றாள். வெள்ளிவரை பாதிக் கிண்ணங்களை இரவும் பகலும் மூடியே வைப்பாளாம், பாதியைத் திறந்தே விடுவாளாம். "உதவட்டுமா?" என்றேன். "நீங்கள் தொடக்கூடாது," என்றாள்.

ஹானா அளக்கவில்லை என்று வால்டர் ஏற்கெனவே எழுதிவிட்ட குறிப்பை அடிக்க வேண்டுமானால், நான் ஒரு சம்பவப் படிவம் நிரப்பித் தர வேண்டும். இல்லையென்றால் கிண்ணங்கள் கண்காட்சிக்குப் போகாது. படிவம் கேட்டது: ஆபத்து என்ன? கொசு. ஆபத்து எங்கே இருந்தது, வளாகத்துக்கு உள்ளேயா வெளியேயா? சம்பவ இடத்திலிருந்து எத்தனை மீட்டர்? அதற்கு இலக்கத்துக்கு ஒன்றாக நான்கு சிறு கட்டங்கள். வாழ்க்கையில் எந்தப் படிவத்திலும் நான் ஓர் இடத்தையும் காலியாக விட்டதில்லை. மூன்று நாள் அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை திறந்த கிண்ணங்கள் பன்னிரண்டும் வற்றி, வெள்ளை வளையம் கட்டியிருந்தன. மூடியவற்றில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் மிச்சம். ஹானா அலுவலக வாசலில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே லிண்டா பேனாவை நீட்டினார். 'வெளியே' என்று குறியிட்டேன். மந்தைவெளிக்கு உள்ள தூரம் நான்கு கட்டங்களுக்குள் அடங்கவில்லை. அதை அடித்துவிட்டு 'உள்ளே' என்று குறியிட்டு, முதல் கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டேன்.

லிண்டா படித்தார். என் காலடியைப் பார்த்தார். "அப்படியென்றால் ஆபத்து நீங்கள் நின்ற இடத்திலேயே இருந்ததா?"

"ஆமாம். என்னோடு வந்ததுதான்."

மற்ற மூன்று கட்டங்களும் காலியாக இருக்கக்கூடாது என்றார். அவற்றிலும் பூஜ்யம் போட்டேன். அரிசோனாவில் நின்றுகொண்டு, மந்தைவெளிக்குத் தூரம் பூஜ்யம் மீட்டர் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் முத்திரை குத்தினார். வாசலில் ஹானா முதல் கிண்ணத்தைத் தூக்கினாள்.