கூப்பிடு தூரம்

ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு எவளாவது மலையேறுவாளா என்று எதிர்க்கடைத் தையல்காரி ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறாளே, நான் அவளுக்குச் சொன்ன பதிலையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஏறுவாள். என் தம்பி பேச்சை நம்பினால் ஏறுவாள். அந்தப் பேச்சைத் தவிர, அவன் அந்தப் பெண்ணுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

ஊரில் அவனுக்குப் பெயர் சாவி. பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் மூன்று அறைகளைப் பயணிகளுக்கு விட்டுவந்தான். மூன்று அறைக்கு எதற்கு இருபது சாவி? பூட்டு போனாலும் சாவியைத் தூக்கிப் போட மனசு வராது. எல்லாவற்றையும் இடுப்பில் கோத்துக்கொண்டு நடப்பான். "சலங்கை கட்டிக்கிட்டு எங்க ஆடக் கிளம்பிட்டீங்க?" என்று கிண்டல் செய்தவளும் இதே தையல்காரிதான். அவன் பெண்டாட்டி போய்ச் சேர்ந்ததும் பத்து நாள் சமைத்துப் போட வந்த நான் அங்கேயே தங்கிவிட்டேன். பிடிவாதக்காரன். என்னைவிடக் கொஞ்சம் குறைவு.

அந்தப் பெண் இரண்டு நாள் தங்க வந்தாள். முதுகில் அவளைவிடப் பெரிய பை. மூன்றாம் நாள் காலை பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்து வைத்திருந்தாள். அவள் அறை ஜன்னலைத் திறந்தால் ஏரி. ஏரிக்கு மேலே ஒற்றைப் பாறை, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல.

இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, "அங்கிள், அந்தப் பாறை எவ்ளோ தூரம்?" என்று கேட்டாள்.

"கூப்பிடு தூரம்தாம்மா."

எங்கள் ஊரில் எல்லாமே கூப்பிடு தூரம். சந்தை, ஆஸ்பத்திரி, அடுத்த ஊர்கூட. பிறந்ததிலிருந்து ஏறி இறங்குகிற கால்களுக்கு அப்படித்தான். அவளோ சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டாள். ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு ரப்பர் செருப்பை மாட்டினாள்.

"டீ போட்டு வைங்க பாட்டி, இதோ வந்துடறேன்."

டீ ஆறி ஏடு கட்டியது. மலையிலிருந்து பனி இறங்கி ஜன்னலை அடைத்துக்கொண்டது.

ஒன்பது நாள் தேடினார்கள். ஒரே ஒரு செருப்பு கிடைத்தது, பாறைக்கும் அந்தப் பக்கம்.

"அவகிட்ட என்ன சொன்னே?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"வழி சொன்னேன் சார்."

அதற்குமேல் வாய் திறக்கவில்லை. அதுதான் அவன் செய்த தப்பு. ஊர் அந்த இடத்தில்தான் வாயை வைத்தது.

"கூப்பிடு தூரம்னு சொன்னதச் சொல்லித் தொலையேண்டா," என்றேன்.

"சொன்னா, நாந்தான் அனுப்பி வெச்சேன்னு ஆயிடும்க்கா."

"இப்ப கொன்னுட்டேன்னே பேசறாங்கடா!"

"பேசட்டும். அது பொய்யின்னு எனக்குத் தெரியும். இது பொய் இல்லையே."

அப்புறம் அறைகளை யாருக்கும் விடவில்லை. அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். பனி இறங்கும்போதெல்லாம் சட்டென்று தலையைத் திருப்புவான்.

"கூப்பிடறாக்கா."

எனக்கு எழுத்துத் தெரியாது, கண்ணும் மங்கல். காது மட்டும் குறைவில்லை. இரண்டு தெரு தள்ளி வரும் பால்காரர் சைக்கிள் கேட்கும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை, பஸ் கிளம்புகிற நேரம். எதிர்க்கடை தெரியாத அளவுக்குப் பனி. இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்து என் கையில் வைத்தான். அவள் ஷூ இரண்டையும் கயிற்றால் முடிந்து கழுத்தில் போட்டிருந்தான். சாவி இல்லாமல் அவன் நடக்கிற சத்தமே வரவில்லை.

"எங்கடா?"

"இதோ, கூப்பிடு தூரம்தான்."

"பனி விலகட்டும்டா."

"விலகினா அவ சத்தம் நின்னு போயிடுதுக்கா. வெறுங்காலோட நிக்கறா. குடுத்துக் கூட்டிட்டு வந்துடறேன். நீ வாசல்ல நின்னு கூப்பிட்டுக்கிட்டே இரு, திரும்பி வர வழி தெரியணும்."

கூப்பிட்டேன். முதல் வளைவில் "ஓய்" என்றான். இரண்டாவது வளைவிலும் "ஓய்" என்றான். மூன்றாவதிலிருந்து இரண்டு "ஓய்" வந்தது.

எதிரொலி என்கிறாள் தையல்காரி. கூடப் பிறந்தவன் குரல் எனக்குத் தெரியாதா? அதில் ஒன்றுதான் அவனுடையது.