மாமியின் இரண்டாவது சாட்சி

பங்குனி வெயிலில் யாராவது காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார்களா? என் மாமி நடந்தார். மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர் விடுப்புக்கு வந்தபோது அலமாரியில் விட்டுப்போன சாம்பல் நிறச் சாக்ஸ். திற்பரப்பு அருவிக்குக் குளிக்க வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே வியர்த்து வழிகிற மாதம் அது. எங்கள் வீடு அங்கிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ரப்பர் மரங்கள் நிற்கிற விளைக்கு நடுவில் இருக்கிறது. காற்று அசையாது. அந்தப் புழுக்கத்தில் மாமி சாக்ஸின்மேல் செருப்பையும் மாட்டிக்கொண்டு அடுக்களைக்கும் முன்னறைக்கும் போய்வந்துகொண்டிருந்தார். "என்ன கோலம் மாமி இது?" என்று கேட்டேன். "தணுப்பு கேறுது பிள்ளே, வயசாச்சில்லா," என்று குளிரைக் காரணம் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறவள். பொய் சொல்லும் முகம் எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பஸ் வரும் நேரம், பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

மாமி, என் கணவரைப் பெற்றவர். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, இருந்த துண்டு விளையில் தானே ரப்பர் பால் வெட்டி, மகனைப் படிக்கவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர். சபையில் கடைசி பெஞ்சுதான் அவர் இடம். பாட்டு நடக்கும்போது உதட்டை அசைப்பார், காணிக்கைப் பை வந்தால் போடுவார், வேறு எதற்கும் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து ரொம்ப வருஷம். முந்தின வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் உபவாச ஜெபத்துக்குப் போனார். கஞ்சித்தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை, மாத்திரையை மட்டும் விடவில்லை. அது முடிந்து ரத்தம் பரிசோதித்தால் சர்க்கரை சரியான அளவில் இருந்தது. "கர்த்தர் எடுத்திட்டாரு மக்கா," என்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சாப்பிடாம மாத்திரை மட்டும் போட்டா கொறையாம என்ன செய்யும் மாமி?" என்று கேட்டேன். அவிசுவாசி என்ற பெயர்தான் மிச்சம்.

எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் சாட்சி சொல்வது என்று ஒன்று உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை மேடையேறி எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். கோர்ட்டில் சொன்ன சாட்சியைக்கூட வக்கீல் வைத்து மாற்றிக்கொள்ளலாம், இதை மாற்ற வழியே கிடையாது. குலசேகரம் பக்கத்தில் நடந்த ஒரு கன்வென்ஷனில் மாமியை மேடைக்கு அழைத்தார்கள். வாழ்க்கையில் அன்றுதான் முதல்முறையாக மைக்கைத் தொட்டார். "மாத்திரை எல்லாத்தையும் விளையில குழி தோண்டி மூடிட்டேன். எனக்க சரீரத்தை அவருக்க கையில ஒப்புக்கொடுத்திட்டேன். இனி அவரு பாத்துக்கிடுவாரு," என்றார். பந்தல் முழுக்க ஸ்தோத்திரம் என்ற முழக்கம் எழுந்தது. மாமி மிரண்டுபோய்க் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அதற்குமுன் அவரிடம் நான் பார்த்ததில்லை.

அதோடு எங்கள் வீட்டு நடைமுறையே மாறிவிட்டது. சபையில் மாமிக்கு முன்பெஞ்சு கிடைத்தது. வேறு ஊர்க் கூட்டங்களுக்கு அழைத்துப்போக வேன் வந்தது. தலைவலி, வயிற்றுவலி என்று பெண்கள் வந்து தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொன்னார்கள். மேடையில் பேசியதை யாரோ போனில் எடுத்து அனுப்ப, அது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. மருமகள் சொல் எடுபடுமா? மகன் போனில் கெஞ்சியும் எடுபடவில்லை. வேன் வரும் நாட்களில் உடுத்துவதற்கென்று மாமி ஒரு நல்ல சேலையும் புதுச் செருப்பும் வாங்கிக்கொண்டார். அந்தச் செருப்புதான் சுண்டுவிரலைக் கடித்திருக்கிறது. சர்க்கரையால் கால் மரத்துக் கிடந்ததால் அவருக்குத் தெரியவே இல்லை.

சாக்ஸ் போட்டுத் திரிந்த அந்த வாரத்தின் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. குளியலறைக்குப் பின்னால் துணி எடுக்கப் போனேன். கொடியின் கோடியில், என் பாவாடைக்கு அடியில் மறைத்து அந்தச் சாக்ஸைக் காயப்போட்டிருந்தார். சோப்புப் போட்டுத் துவைத்தும் மஞ்சள் கறை போகவில்லை, நாற்றமும் போகவில்லை. உள்ளே ஓடினேன். மாமி இன்னொரு சோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாக்ஸுக்குமேல் கால் சிவந்து, வீங்கிப் பளபளவென்று இருந்தது.

"ஆசுத்திரிக்குப் போவோம் மாமி."

"எதுக்கு? வலிக்கவே இல்லியே."

"வலிக்காததுதான் எனக்குப் பயமா இருக்கு. எழும்புங்க."

"போனா எவளாவது பாப்பா. அப்பம் நான் மேடையில சொன்னது பொய்யா? கர்த்தரைப் பொய்யராக்கச் சொல்லுதியா எட்டி?"

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. பயம்தான் அப்படிக் கோபமாக வந்தது என்று இப்போது தெரிகிறது. "எல்லாத்தையும் அவருக்க கையில ஒப்புக்கொடுத்தாச்சுன்னு சொல்லுதீங்க. பெறவு இந்தக் காலை யாருக்கிட்டயிருந்து ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.  மாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். பெற்ற மகன் வீடியோவில் அழுதார். "நீ ஜெபி மக்கா," என்று சொல்லிவிட்டு மாமி போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். மத்தியானம் காய்ச்சல் ஏறியது. நெற்றியைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. அன்று சாயங்காலம் வேறொரு கூட்டத்தில் மாமி சாட்சி சொல்வதாக இருந்தது, வேன் வந்துவிடும். அதற்குமுன் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கட்டிலோடு தூக்கியாவது கொண்டுபோய்விட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் கூப்பிடப் போனால் காலின் கதை ஊருக்குத் தெரிந்துவிடும், மாமி அதோடு என் முகத்திலேயே விழிக்கமாட்டார். கால் போனாலும் பரவாயில்லை, பெயர் போகக் கூடாது என்று கிடக்கிற ஒருவரை என்ன செய்ய முடியும்? முன்னறைக்கும் அவர் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அப்போதுதான் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். தோவாளையில் பூக்கட்டுகிறவள், பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். மாமியைப் பார்க்கவேண்டும் என்றாள். மாமி அவசரமாக எழுந்து, சேலையைக் கால்வரை இழுத்துவிட்டு, முன்னறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அந்தக் காய்ச்சலிலும் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது.

"உங்க வீடியோவை எங்க அம்மைக்குப் போட்டுக் காட்டினேன் மாமி," என்றாள் வந்தவள். "அதைக் கேட்டு அம்மையும் மாத்திரையை நிறுத்திட்டா. இப்பம் கண்ணு மங்கலா தெரியுதுன்னு சொல்லுதா. எந்திச்சா தலைக் கிறுக்கம் வருது. எங்களுக்கு விசுவாசம் கொறவோ என்னவோ. நீங்க ஒருக்கா வந்து கைவச்சு ஜெபிச்சாப் போதும்."

மாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த களை மெல்ல இறங்கிப்போனது.  மாமி குனிந்து சேலையை விலக்கி, சாக்ஸைக் கழற்றப் பார்த்தார். அது புண்ணோடு ஒட்டிக்கிடந்தது. நான் தண்ணீர் கொண்டுவந்து நனைத்து நனைத்து உரித்தேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது. பக்கத்து விரலும் அதே நிறம். தோவாளைப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லா பாத்துக்கோ. இதுதான் எனக்குக் கிடைச்ச சுகம்," என்றார் மாமி. "இப்பமே போ. உனக்க அம்மையை டாக்டருக்கிட்ட கூட்டிட்டுப் போய் மாத்திரையைத் திரும்ப வாங்கிக் குடு. நான் சொன்னேன்னு சொல்லு."

"அப்பம் வீடியோவுல சொன்னது?"

"அது எனக்க ஆசை மக்கா. அவரு சொன்னதாட்டு நான் நெனச்சிட்டேன்."

அவள் அழுதுகொண்டே பஸ்ஸுக்குப் போனாள். வேன் வருவதற்குள் நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். மாமி எதிர்ப்புச் சொல்லாமல் ஏறினார். ஏறி உட்கார்ந்த பிறகுதான், "போற வழியில கூட்டத்துல ஒருக்கா நிறுத்தணும்," என்றார். என் பொறுமை எல்லாம் போய்விட்டது. விஷம் ஏறிக்கொண்டிருக்கிற காலை வைத்துக்கொண்டு இனியும் மேடையா என்று, ஆட்டோக்காரர் இருப்பதையும் பார்க்காமல் கத்தினேன். மாமி சத்தம் கூட்டாமல் சொன்னார்: "இவ ஒருத்தி தேடி வந்து சொன்னா. வராதவங்க எத்தன பேரு இருப்பாங்க?" கூட்டம் நடக்கும் இடத்துக்கு வண்டியைத் திருப்பும்படி ஆட்டோக்காரரிடம் நானே சொன்னேன்.

கூட்டத்தில் இன்னும் பிரசங்கம் தொடங்கவில்லை, பாட்டு நடந்துகொண்டிருந்தது. கூட்டம் நடத்தியவர் மாமியைக் கண்டதும் சந்தோஷமாக மைக்கைக் கொடுத்தார். மாமி வழக்கமாக உடுத்தும் நல்ல சேலை இல்லை, வீட்டுச் சேலை. காலில் தோர்த்துத் துண்டு சுற்றியிருந்தது. நான் பின்னால் நின்று இடுப்பைத் தாங்கிக்கொண்டேன். 

"எனக்குச் சர்க்கரை போகல்ல," என்றார். "போச்சுன்னு சொன்னேன். காலு அழுகினப்பம் சாக்ஸ் போட்டு மறைச்சேன். கர்த்தர் வெட்கப்பட்டுப் போவாரோன்னு பயந்தேன்னு நெனச்சேன். அவருக்கு என்ன வெட்கம்? வெட்கம் எனக்குத்தான். நான் முன்பெஞ்சுல இருக்க ஆசைப்பட்டேன். நான் சொன்னதைக் கேட்டு மாத்திரையை விட்டவங்க யாராவது இருந்தா, இன்னைக்கே வாங்கிப் போடுங்கோ. எனக்கு மன்னிப்புத் தாருங்கோ."

ஒரு ஸ்தோத்திரம்கூட வரவில்லை. மைக்கைக் கீழே வைத்த சத்தம் ஒலிபெருக்கிப் பெட்டியில் கேட்டது. பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி விசும்பினாள். கூட்டம் நடத்தியவர் சட்டென்று மைக்கை எடுத்து, சகோதரிக்குக் காய்ச்சல், அவர்களுக்காக ஜெபிப்போம் என்றார். நாங்கள் பந்தலைத் தாண்டுவதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது. வாசலருகே நின்ற ஒரு பெரியவர் மட்டும் எங்களைக் கூப்பிட்டு, நிறுத்திய மாத்திரையை மறுபடி எவ்வளவு போடுவது என்று கேட்டார். "டாக்டருக்கிட்ட கேளுங்கோ, எனக்கிட்ட கேக்காதீங்கோ," என்றார் மாமி.

அந்தப் பேச்சையும் பலர் போனில் எடுத்தார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. பழைய வீடியோ இன்றும் சுற்றுகிறது. போன மாதம் எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர்கள் குழுவிலேயே ஒருவர் போட்டிருந்தார். நான் பதில் எழுதினேன். நாலு பேர் படித்திருப்பார்கள். வீடியோவை எப்படியாவது அழிக்க வேண்டும் என்று மாமி உயிரோடிருந்தபோது நான் துடித்தேன். "சந்தைக்குப் போன பூவைத் திரும்பிப் பிடிக்க முடியுமா? கேக்கிறவங்களுக்கு உள்ளதைச் சொல்லு. மிச்சத்தை விடு," என்று சொல்லிவிட்டார்.

மார்த்தாண்டத்தில் அன்றே சேர்த்தோம். விரலோடு நிற்கவில்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தப்பும் என்றார் டாக்டர். எப்படிச் சொல்வது, எப்படித் தேற்றுவது என்று அவர் தயங்கிக்கொண்டிருக்கும்போதே, "எடுங்கோ டாக்டர்," என்றார் மாமி. அழுதது நான்தான். "எதுக்கு அழுவுதே பிள்ளே? பெரிசை அந்தக் கூட்டத்துலயே குடுத்தாச்சு. இது காலுதானே," என்றார்.

ஆபரேஷன் அன்று காலையில் முன்பெஞ்சுக்காரர்கள் யாரும் வரவில்லை. போதகர் வெளியூரில் இருப்பதாகச் சொன்னார்கள். சக்கரக் கட்டில் வந்து கதவருகே நின்றுவிட்டது. மாமி என் பக்கம் கையை நீட்டி, "நீ ஜெபி," என்றார். எனக்கா? சபையில் வாய்திறந்து ஜெபித்தறியாத, அவிசுவாசி என்று பெயர் வாங்கிய மருமகள் நான். ஊழியர்கள் காத்துநிற்கிறார்கள். கால் வேண்டும் என்று கேட்க முடியாது, அது முடிவாகிவிட்டது. வேறு என்ன கேட்பது என்று ஒரு சொல்லும் வரவில்லை.

"என்ன கேக்கணும் மாமி?" என்றேன்.

"ஒண்ணும் கேக்காண்டாம். இவ்வளவு நாளும் கேட்டதெல்லாம் போரும். கூட இரும்னு மட்டும் சொல்லு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் சொன்னேன். மாமி ஆமென் என்று சொல்லி, என் கையை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒற்றைக் காலோடு சில வருஷங்கள் எங்களுடன் இருந்துவிட்டு, போன மழைக்காலத்தில் மாமி போய்விட்டார். அன்றைக்குச் சொன்னதற்குமேல் ஜெபிக்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.